புயல் ஓய்ந்த காலையில் செயின்சா: விழுந்த மரத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து என்ன?

2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு, மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 75 கி.மீ. 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தாவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தம்பிதான். ஆனாலும் சென்னையில் மட்டும் சுமார் 400 மரங்கள் சாய்ந்ததாக அரசு தெரிவித்தது. வர்தாவின்போது வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்து, பூங்காவே வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

முன்பெல்லாம் விழுந்த மரத்தை அறுக்க தீயணைப்புத் துறை வர வேண்டும், இல்லையென்றால் ஊரில் மரம் வெட்டும் ஆட்கள் வர வேண்டும். இப்போது நிலைமை வேறு. சிறுசேரியிலோ மகிந்திரா சிட்டியிலோ வேலை, திருப்போரூர் பக்கம் ஒரு பிளாட், கூவத்தூர் தாண்டி கொஞ்சம் சவுக்கு, நாலு தென்னை என்று இருப்பவர்கள் ஆன்லைனில் ஒரு பெட்ரோல் செயின்சா வாங்கி வைத்திருக்கிறார்கள். மெஷின் இருக்கு, யூடியூப்ல பார்த்தாச்சு, வெட்ட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். செயின்சா வேலைகளிலேயே கஷ்டமானது புயலில் சாய்ந்த மரத்தை அறுப்பது. புதிதாக மெஷின் வாங்கியவருக்கு முதல் வேலையாக வந்து சேர்வதும் அதுதான்.

விழுந்த மரம்தானே, இனி என்ன செய்யும்?

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடியுங்கள். வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நெரிபடுகிறது. ஒரு கையை விட்டால் பட்டென்று அடிக்கும். புயலில் சாய்ந்த மரமும் பெரும்பாலும் இப்படித்தான் கிடக்கிறது. அடிமரம் வேரில் மாட்டியிருக்கும், தலை காம்பவுண்டு சுவரில் சாய்ந்திருக்கும், நடுவில் டன் கணக்கில் எடை தொங்கும். பார்க்க அசையாமல் இருக்கிறது. உள்ளே நாண் ஏற்றிய வில் மாதிரி விசை தேங்கி நிற்கிறது. நீங்கள் போடும் வெட்டுதான் அந்த நாணை அறுக்கிறது.

அதனால் மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மரத்தைச் சுற்றி வந்து ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். எந்தப் பக்கம் நெரிபடுகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது?

மரத்தின் இரண்டு முனைகளும் எதன் மீதாவது தாங்கி, நடு தொங்கினால், மேல்பக்கம் நெரிபடும், கீழ்ப்பக்கம் இழுபடும். முதல் வெட்டை மேலிருந்து, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை போட வேண்டும். வெட்டின் வாய் மூட ஆரம்பிக்கிறதா? உடனே ரம்பத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பிளேடு சிக்கிக்கொள்ளும். மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நின்றால் கணக்கு தலைகீழ். முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. இழுபடும் பக்கத்தில் முதலில் கைவைத்தால், மரம் நீளவாக்கில் பிளந்து சிம்பு போல அடிக்கும்.

கீழிருந்து வெட்டும்போது இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். பிளேடின் மேல்விளிம்பில் செயின் உங்களை விட்டு விலகி முன்னோக்கி ஓடுகிறது. அதனால் மெஷின் உங்கள் பக்கம் தள்ளும். கால் ஊன்றி நிற்காதவர் தடுமாறுவார்.

வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். கடலோர மணலில் ஆழமாகப் பிடிக்க ஒன்றும் இல்லை, மழையில் ஊறியபின் மரம் ஒடிவதைவிட வேர் மண்ணோடு பெயர்ந்து விழுவது அதிகம். அப்படி விழுந்த மரத்தின் தண்டை அறுத்ததும், வேர்ப்பகுதியை இழுத்துப் பிடித்திருந்த எடை போய்விடுகிறது. வேரும் மண்ணும் அடிக்கட்டையும் சேர்ந்து எழுந்து, பழைய குழிக்கே திரும்பி உட்கார்ந்துவிடும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் அந்தக் குழிக்குள்தான் இறங்கி விளையாடுவார்கள். வெட்டுவதற்கு முன் குழியை ஒருவர் எட்டிப் பார்ப்பதும், அந்தப் பக்கம் யாரும் போகாமல் நிறுத்துவதும் கட்டாயம்.

சவுக்குத் தோப்பில் வேறு பிரச்சினை. நெருக்கி நட்ட மரங்கள் என்பதால் சாய்ந்தது தரைக்கு வராமல் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். தாங்கி நிற்கும் மரத்தை வெட்டினால் இரண்டும் சேர்ந்து வரும், எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. இதைச் செயின்சாவால் தீர்க்க முயலவே வேண்டாம். தூரத்தில் நின்று டிராக்டரிலோ ஜேசிபியிலோ கயிறு கட்டி இழுக்க வேண்டிய வேலை அது.

சாய்ந்த மரத்துக்குள் ஈபி ஒயர் மாட்டியிருந்தால் கிட்டேயே போகாதீர்கள். ஊரே இருட்டாக இருப்பதால் லைன் ஆஃப் என்று அர்த்தமில்லை. எந்த நிமிடமும் சப்ளை திரும்பலாம், ஈர மரம் மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

'கிக்பேக்' என்கிறார்களே, அது என்ன?

செயின்சாவின் செயின் முழு வேகத்தில் நொடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடும். மணிக்கு 70 கி.மீ.க்கு மேல். மாண்டஸ் காற்றின் வேகமும் ஏறக்குறைய அதுதான், ஆனால் இதற்குப் பல் இருக்கிறது.

பிளேடின் மூக்கில், அதாவது முனையின் மேல்பாதியில், செயின் மேலிருந்து கீழே திரும்புகிறது. அந்த இடம் மட்டும் எதிலாவது பட்டால் பல்லால் வெட்ட முடியாது, மாட்டிக்கொள்ளும். வெட்டப் போன விசை முழுவதும் திரும்பி, பிளேடை மேலே தூக்கி உங்கள் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வீசும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. 'நான் டைட்டா பிடிச்சுக்குவேன்' என்பதெல்லாம் நடந்த பிறகு பேசும் பேச்சு.

சாய்ந்த மரத்தில் இது அதிகம் நடக்கக் காரணம் கிளைகள். நீங்கள் ஒரு கிளையை வெட்டுவீர்கள், இலைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கிளையில் முனை முட்டும். ஆகவே பிளேடின் முனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆக்சிலேட்டரை அழுத்தக் கூடாது. இடது கை முன்கைப்பிடியில், கட்டைவிரல் சுற்றி வளைத்திருக்க வேண்டும். வெட்டும் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல், தலையும் உடம்பும் கொஞ்சம் இடப்பக்கம் விலகியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி வெட்டுவது, ஏணியில் நின்று வெட்டுவது, ஒற்றைக் கையில் வெட்டுவது மூன்றும் கூடவே கூடாது.

முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புதான் செயின் பிரேக். கிக்பேக் வந்தால் செயினை உடனே நிறுத்த வேண்டியது அது. மலிவான மெஷின்களில் இது வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம். தினமும் வேலைக்கு முன் பிரேக்கைத் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். செயின் நகர்ந்தால் அந்த மெஷின் அன்றைக்கு வேலைக்கு ஆகாது. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ஐடிலில் செயின் சுற்றிக்கொண்டே இருந்தாலும் அதே தீர்ப்புதான்.

ஸ்டார்ட் செய்யும்போது மெஷின் தரையில், பிரேக் போட்டபடி, வலது கால் பின்கைப்பிடிக்குள். கையில் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டே கயிறை இழுப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கும், தொடைக்கு நல்லதல்ல.

ஆன்லைனில் அதிகம் கண்ணில் படுவது 58 சிசி, 22 இன்ச் பிளேடு. புதியவருக்கு அது தேவையே இல்லை. பிளேடு நீளமாக நீளமாக முனை கண்பார்வையிலிருந்து தள்ளிப் போகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு 14 அல்லது 16 இன்ச் போதும்.

கடற்கரை மணலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. புயல் மழையில் பட்டை முழுக்க மணல் அப்பியிருக்கும். மரத்தை அறுத்துத் தரையைத் தொட்டுவிட்டால் சில நொடிகளில் பல் மழுங்கிவிடும். கூர்மையான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவாகத் துப்பும். மாவு வர ஆரம்பித்ததும் நாம் செய்யும் தப்பு, மெஷினை அழுத்துவது. அழுத்தினால் கை தளரும், கட்டுப்பாடு போகும். நிறுத்தி, அளவுக்கேற்ற உருண்டை அரத்தால் தீட்டுங்கள், அல்லது செயினை மாற்றுங்கள். தரையில் கிடக்கும் தண்டை முக்கால் பங்கு வெட்டி, உருட்டிப் போட்டு மீதியை மறுபக்கத்திலிருந்து அறுப்பது மணலிலிருந்து செயினைக் காப்பாற்றும் வழி. தென்னையில் நார் சுற்றி அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டே கை வையுங்கள்.

கைலியும் செருப்பும் போதாதா?

போதாது. கைலி நுனி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு கயிறு எதுவானாலும் செயின் இழுத்துக்கொள்ளும். ஜீன்ஸ் பேன்ட் தடுக்கும் என்று நினைப்பதும் தவறு. செயின்சாவுக்கென்றே விற்கும் காலுறைக்குள் நீள இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அவை உருவி வந்து, பல்சக்கரத்தில் சுற்றி, மெஷினையே நிறுத்திவிடும். அதில் 'கிளாஸ் 1' என்று இருந்தால் நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதிக்கப்பட்டது என்று பொருள். கூடவே ஷூ, முகத்தடுப்பு, காதுமூடி.

காதுமூடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பெட்ரோல் செயின்சா சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100-ல் 15 நிமிடம்தான் தாங்கும் என்பது தொழில்முறைக் கணக்கு. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் 'டேய், நிறுத்து' என்று கத்தினாலும் கேட்காது. ஆகவே கைச்சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இந்த வேலையில் இறங்கவே கூடாது.

பெட்ரோலை வாட்டர் பாட்டிலில் வாங்கலாமா?

1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதில்? கண்ணாடி அல்லது பீங்கான் வகைக் கலம் என்றால் 1 லிட்டருக்கு மிகாமல், உலோகக் கலம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், இறுக்கமாக மூடியபடி. வாட்டர் பாட்டில் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. உங்கள் மெஷினுக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். போன மழைக்காலத்தில் கலந்து வைத்ததை இந்த மழைக்காலத்தில் ஊற்றாதீர்கள்.

எஞ்சின் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். ஊற்றிய இடத்திலிருந்து 10 அடியாவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கரன்ட் இல்லாத அதே நாட்களில் வெளியே வரும் பெட்ரோல் ஜெனரேட்டருக்கும் ஒரு வார்த்தை. மழைக்குப் பயந்து அதை வராண்டாவிலோ மூடிய கார் பார்க்கிங்கிலோ வைத்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் செருகிச் சப்ளை கொடுப்பது, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும் வேலை.

நான் வெட்டப் போவதில்லை, ஆள் வைக்கிறேன்

நல்லது. ஆனால் புயலுக்கு மறுநாள் அந்த ஆட்கள் பத்து வீடு பார்த்துவிட்டு, வெறுங்காலோடு உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். 'அஞ்சு நிமிஷ வேலை சார்' என்பார்கள். 'சீக்கிரம் முடிங்கண்ணே, மீட்டிங் இருக்கு' என்று நாமும் அவசரப்படுத்துவோம். கூலி பேசும்போதே நேரம் கொடுங்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். காலுறையும் முகத்தடுப்பும் அவர்களிடம் இல்லையென்றால், செலவு உங்களுடையது என்பதே என் கருத்து. சுவர் ஒரு நாள் கூடுதலாக மரத்தைத் தாங்கினால் ஒன்றும் ஆகிவிடாது.

காயம் பட்டுவிட்டால்?

புயல் நாளில் பட்ட காயத்துக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. ஆம்புலன்ஸ் வர வேண்டிய சாலையிலும் மரம் கிடக்கும். கடற்கரைக் கிராமத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சாதாரண நாளிலேயே பக்கம் இல்லை. எனவே வேலை தொடங்கும் முன்பே, வாகனம் வெளியே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

108-க்குச் சொல்லிக்கொண்டே, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். கை, காலில் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு மேலே, மூட்டில் படாமல், அகலமான துணியை ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டுங்கள். மருத்துவமனை போகும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. கட்டிய நேரத்தை போனில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.