பாடிக் காட்டு, பார்த்து வாசி

இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் இசை உதவித்தொகைக்கான ஆடிஷன் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் வரும். வயலினோ கிளாரினெட்டோ ஏந்திய பிள்ளை, துணைக்கு ஒரு பியானோ கலைஞர், எதிரே பள்ளியின் இசைத்துறைத் தலைவர். அதிக நேரம் ஆகாது. அதற்காகவே சில பெற்றோர், பிள்ளைக்குத் தெரிந்ததில் மிகக் கடினமான உருப்படியைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். அதைவிடக் கெடுதலான யோசனை வேறில்லை.

பள்ளிகள் வழக்கமாகக் கேட்பது, தன்மையில் வேறுபட்ட இரண்டு உருப்படிகள். 11 வயதில் சேரும் பிள்ளைக்கு கிரேடு ஐந்தை ஒட்டிய தரம் இருந்தால் நல்லது என்று பல பள்ளிகள் சொல்கின்றன. 13 வயதுக்கு இன்னும் ஓரிரு படி மேலே. 1889-இல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வு வாரியத்தின் எட்டு கிரேடுகள்தான் அங்கே பொதுவான அளவுகோல். ஆனால் திக்கித் திணறி வாசித்த ஏழாம் கிரேடு உருப்படியைவிட, சுருதி சுத்தமாக, ரசித்து வாசித்த ஐந்தாம் கிரேடு உருப்படி எடுபடும். இவனுக்குள் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் எதிரே இருப்பவர் காது தேடுகிறது.

பல பிள்ளைகள் சறுக்குவது உருப்படியில் அல்ல, அதற்குப் பிறகு வரும் சைட் ரீடிங்கில், அதாவது புதிய நோட்டேஷனைப் பார்த்த உடனே வாசிப்பதில். 2020-இல் ஏபிஆர்எஸ்எம் ஒரு புதுவகைத் தேர்வைக் கொண்டுவந்தது. நான்கு உருப்படிகளை வாசித்து வீடியோவாக அனுப்பினால் போதும். ஸ்கேல், சைட் ரீடிங், செவிப் பயிற்சித் தேர்வு எதுவும் கிடையாது. அந்த வழியிலேயே கிரேடு ஏறிய பிள்ளைக்குச் சான்றிதழ் பளபளக்கும். முன்பு பார்த்திராத எட்டு வரி நோட்டேஷனை நீட்டினால் முகம் வெளிறிவிடும்.

இதற்கு மருந்து தினசரிப் பழக்கம்தான். பிள்ளையின் தரத்துக்கு இரண்டு படி கீழே உள்ள புதிய மெட்டுகளை நாளுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். வாசிக்கும் முன் அரை நிமிடம் பார்க்கட்டும்: என்ன சுருதி, என்ன தாளம், சிக்கலான இடம் எது? தொடங்கிய பின் தவறினாலும் நிற்கக் கூடாது, திரும்பப் போகக் கூடாது. இதைக் கண்காணிக்கப் பெற்றோருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; நின்றதா, ஓடியதா என்று கவனித்தாலே போதும்.

ஆடிஷனில் வரும் செவிச் சோதனையில், பியானோவில் ஒலிக்கும் சிறு இசைத்தொடரைக் கேட்டுத் திரும்பப் பாட வேண்டும், தாளத்தைத் தட்டிக் காட்ட வேண்டும். லண்டன் தமிழ்க் குடும்பங்களில் சனிக்கிழமை கர்நாடக இசை வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. ஆசிரியர் பாட, கேட்டுப் பாடுவதுதானே முதல் நாள் பாடம்! அவர்கள் உழைக்க வேண்டியது ஐந்து கோட்டு நோட்டேஷனில். வீணையோ மிருதங்கமோ பழகுவதை நேர்காணலில் மறைக்கத் தேவையில்லை. “எந்த இசை பிடிக்கும், ஏன்?” என்று கேட்பார்கள், அம்மா சொல்லிக்கொடுத்த பதில் இரண்டாம் கேள்வியிலேயே அம்பலமாகிவிடும்.

துணை வாசிப்பவரோடு முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது அவசியம். தாத்தா பாட்டி முன்னால், வெளியிலிருந்து வந்த கையோடு, விரல் சூடேறாமல் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதும் உதவும். பல பள்ளிகளில் ஓராண்டுக்கு முன்பே இசைத்துறைத் தலைவரைச் சந்தித்து, வாசித்துக் காட்டி ஆலோசனை பெறலாம். கட்டணம் கேட்காத இந்த வாய்ப்பை விடக் கூடாது.

பண விஷயத்தில் ஏமாறக் கூடாது. இசை உதவித்தொகை என்றாலே படிப்பு இலவசம் என்று எண்ணுகிறார்கள். பல பள்ளிகளில் அது கட்டணத்தில் சிறு பங்கும், இலவச இசை வகுப்பும் மட்டுமே. பெரிய சலுகை, குடும்ப வருமானம் பார்த்துத் தரும் பர்சரியில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் தனி. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரியும் சேர்ந்துவிட்டது. மான்செஸ்டரின் செத்தம்ஸ், யெஹுதி மெனுஹின் 1963-இல் தொடங்கி இன்று சர்ரேயில் இருக்கும் பள்ளி போன்ற சிறப்பு இசைப் பள்ளிகளில், வருமானத்துக்கேற்ப அரசே கட்டணத்தில் பங்கேற்கும் திட்டம் உண்டு.

இடம் கிடைக்காவிட்டால்? செலோ கலைஞர் ஷேக்கு கன்னே-மேசன் படித்தது நாட்டிங்ஹாமின் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில். சனிக்கிழமைதோறும் லண்டன் போய் ராயல் இசை அகாதெமியின் இளையோர் பிரிவில் கற்றார். 2016-இல் பிபிசியின் இளம் இசைக் கலைஞர் விருதை வென்றபோது அவருக்கு வயது 17.