பனியில் காத்திருந்த பதிவுகள்

2017 ஏப்ரல். தென் துருவத்தில் சூரியன் மறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அங்குள்ள பத்து மீட்டர் தொலைநோக்கி தனுசு ராசிப் பக்கம் திரும்பி, பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளையைக் கவனித்தது. சிலி, ஹவாய், ஸ்பெயின் முதலிய இடங்களின் தொலைநோக்கிகளும் அதே நேரத்தில் அதே இடத்தைப் பார்த்தன. ஆறு இடங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்தால், பூமி அகலத்துக்கு ஒரே தொலைநோக்கி இருப்பதுபோல் ஆகும்.

மற்ற இடங்களின் பதிவுகளைச் சுமந்த ஹார்ட் டிஸ்க்குகள் ஒன்றுசேர்க்கும் இடத்துக்குக் கிளம்பிவிட்டன. துருவத்தினுடையவை மட்டும் கிளம்பவில்லை. பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் போய்விட்டால், வழக்கமாக அடுத்தது வர அக்டோபர் கடைசி ஆகிவிடும்.

இத்தனை சிரமப்பட்டு ஏன் அங்கே போக வேண்டும்? காரணம் அந்தக் குளிரேதான். இந்தத் தொலைநோக்கி பிடிப்பது மில்லிமீட்டர் நீள அலைகளை. காற்றிலுள்ள நீராவி அவற்றை விழுங்கிவிடும். குளிர்காலத்தில் சுமார் மைனஸ் 60 டிகிரிக்கு இறங்கும் துருவக் காற்றிலோ ஈரம் தங்குவதே இல்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் குளிர் அதைப் பிழிந்துவிடுகிறது. தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கினாலும் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. வெப்பமண்டலக் கடற்கரையில் இதுவே 50 மில்லிமீட்டரைத் தாண்டும். அதோடு, அங்குள்ள ஆய்வு நிலையம் நிற்பதே கடல்மட்டத்திலிருந்து 2,800 மீட்டர் உயரத்தில், பனிப்பாளத்தின் மேல்.

எனக்குத் தீராத வியப்பு வேறொன்று. அங்கே விண்மீன்கள் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. தனுசு ராசியின் அந்தப் புள்ளி அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 29 பாகையில், இறங்காமல் ஏறாமல், நாள் முழுதும் வட்டமடிக்கிறது. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம்! ஆனால் 2019-இல் நாம் முதன்முதலாகப் படத்தில் கண்ட எம்87 கருந்துளை வடவானத்தைச் சேர்ந்தது. துருவத்தில் அது தலைகாட்டவே செய்யாது.

குளிர்காலம் முழுவதும் தொலைநோக்கிக்கென்று இருவர் தங்குகிறார்கள். நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், இருட்டில், பனியில் நடந்தே வேலைக்குப் போகிறார்கள்.

2017 டிசம்பரில் துருவத்தின் டிஸ்க்குகள் அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்தை அடைந்தன. உடனே ஓட்டிவிடவில்லை, குளிர் விட்டு அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று பொறுத்தார்கள். 2022 மே மாதம் பால்வீதி நடுவிலுள்ள அந்தக் கருந்துளையின் ஒளிவளையப் படம் வெளியானது. சுமார் 27,000 ஆண்டுகள் பயணித்து வந்த அலைகள், வழியில் ஒரு குளிர்காலம் பனியில் தங்கியிருந்தன.