அஞ்சும் பிள்ளைக்கு மருந்து வேண்டுமா?

அச்சம் என்பது உயிர்களுக்கு இயற்கை அமைத்த காவல். தேர்வுக்கு முதல் நாள் நெஞ்சு படபடப்பதும், புதியவர் முன்னே நாத் தடுமாறுவதும் நோய் ஆகா. அவை வந்தவாறே போய்விடும். ஆனால், பதினைந்து வயது மாணவி ஒருத்தி காலைதோறும் வயிற்றுவலி என்று அழுகிறாள். பள்ளி வாயில்வரை சென்று திரும்பிவிடுகிறாள். தோழியரை விட்டு விலகுகிறாள். இரவில் உறக்கமின்றித் தவிக்கிறாள். இந்நிலை மாதக்கணக்கில் நீடிக்குமானால், அங்கே காவலனே கள்வனாகிவிட்டான் என்றே கொள்ளவேண்டும்.

மருத்துவர் மாத்திரை கொடுக்கலாம் என்கிறார். "வளரும் பிள்ளைக்கு மன மருந்தா?" என்று தாய் கலங்குகிறாள். "வயது ஏறினால் சரியாகிவிடும்" என்கிறார் தந்தை. இருவரும் மகளின் நலம் கருதியே பேசுகின்றனர். எனில், முடிவுக்கு வருவது எங்ஙனம்?

நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவம் செய்யவேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறி இங்கும் வழிகாட்டும்.

முதலில் நோயின் அளவு. தைராய்டுச் சுரப்பி மிகுதியாகச் சுரப்பதும், அளவுக்கு மீறிய காப்பியும், சில ஆஸ்துமா மருந்துகளும் இதே படபடப்பை உண்டாக்கும். ஆகவே உடற்சோதனை முந்த வேண்டும். அடுத்து, அச்சத்தால் பிள்ளை எவற்றை இழந்திருக்கிறாள் என்று கணக்கிட வேண்டும். இழப்பு சிறிதாயின் மருந்தை நாடாமல், அஞ்சியதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுப் பயிற்சியே முதல் வழி. படிப்பும் உறக்கமும் நட்பும் பறிபோன நிலையிலும், பயிற்சியால் மட்டும் பயன் காணாத நிலையிலும் மருந்தைப் பற்றி எண்ணுவது முறை.

மருந்தால் பயன் உண்டா? 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று தெளிவான விடை தருகிறது. அச்சநோயுற்ற, 7 முதல் 17 வயது வரையிலான 488 பேர் அதில் பங்குகொண்டனர். 12 வாரங்களுக்குப்பின், மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேரே நன்கு தேறினர். செர்டிராலின் என்னும் மருந்து உண்டவர்களில் 55 பேரும், பேச்சுப் பயிற்சி பெற்றவர்களில் 60 பேரும், இரண்டும் பெற்றவர்களில் 81 பேரும் தேறினர். மருந்து பயிற்சிக்குப் பகையன்று, துணையே என்பது இதனால் விளங்கும். அச்சத்தின் வேகத்தை மருந்து தணிக்கும். பள்ளி வாயிலைக் கடக்கும் அடியைப் பிள்ளையே எடுத்து வைக்கவேண்டும்.

எனினும், தாயின் கலக்கம் வீண் அன்று. இவ்வகை மருந்துகளால் இளையோர்க்குத் தற்கொலை எண்ணம் தோன்றலாம் என 2004-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் எச்சரித்தது. 4,400-க்கு மேற்பட்ட இளையோரிடம் நடந்த 24 ஆய்வுகளில், மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 4 பேரிடமும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 2 பேரிடமும் அத்தகைய எண்ணமோ செயலோ காணப்பட்டது. தற்கொலையால் எவரும் இறக்கவில்லை. ஆகவே எச்சரிக்கையின் பொருள் மருந்தை விலக்கு என்பதன்று. விழிப்பாய் இரு என்பதே. மருந்து தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் அவ்விழிப்பு மிகுதியாக வேண்டும்.

அடுத்துக் காலம். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி, அமைதியின்மை போன்ற தொல்லைகளோ முதல் நாட்களிலேயே தோன்றலாம். இதனை அறியாதோர், "மருந்து கெடுக்கிறது" என்று கைவிட்டு விடுகின்றனர். திடீரென நிறுத்துவதும் தீது. நலம் பெற்றபின் ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து, தேர்வு நெருக்கடி இல்லாத வேளையில், மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைப்பதே நன்று.

இனி, நோயுற்றவரின் நிலை. குடும்பத்தில் எவருக்கேனும் மனவெழுச்சி நோய் இருந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. மருந்தின் தேர்வே அதனால் மாறக்கூடும். பிள்ளையின் சொல்லையும் கேட்கவேண்டும். விருப்பமின்றித் திணித்த மாத்திரை தலையணையின் கீழ்தான் தங்கும்.

மருத்துவத்திற்கு உரிய நான்கு உறுப்புகளுள் நோயாளியின் அருகிருந்து கவனிப்பவரையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். இங்கே அவ்விடம் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. பிள்ளை வகுப்பில் வாய் திறந்தாளா, நண்பகலில் யாருடன் உண்டாள் என்பனவற்றை மருத்துவர் அறியார், ஆசிரியர் அறிவார். வழக்கத்திற்கு மாறான பரபரப்போ, சாவைப் பற்றிய பேச்சோ காணின், அன்றே மருத்துவர்க்கு அறிவிக்க வேண்டும்.

மருந்து கொடுப்பது ஒரு முடிவு. கொடாமல் காத்திருப்பதும் ஒரு முடிவே. முன்னதற்கு உள்ள தீங்கை எல்லோரும் எண்ணுகின்றனர். பின்னதன் விலையை எண்ணுவோர் சிலரே. பள்ளிக்குச் செல்லாமல் கழிந்த ஓராண்டு மீண்டும் வாராது. இரண்டையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுப்பதே அறிவுடைமை.