விண்கலத்துக்குப் பெயர் சூட்டுவது யார்?

விண்வெளிக்கு அனுப்பப்படும் கலம் ஒன்றின் எடை, வேகம், செலவு ஆகியன பற்றி விரிவாகப் பேசப்படும் அளவுக்கு அதன் பெயர் பற்றிப் பேசப்படுவதில்லை. வேலைகள் யாவும் முடிந்த பின்னர் இறுதியில் ஒட்டப்படும் அடையாளச் சீட்டே பெயர் என்ற எண்ணம் பலரிடமும் காணப்படுகின்றது. ஆயினும் கலம் செயலிழந்து, அதனைக் கட்டியவர்கள் ஓய்வுபெற்றுச் சென்ற பின்னரும் மக்கள் நினைவில் எஞ்சி நிற்பது அப்பெயரேயாகும். பொதுமக்களின் பணத்தில் உருவாகும் ஒரு கலத்துக்கு யார், எந்த முறையில் பெயரிடுகின்றனர் என்பது சிறிய விடயமன்று. கடந்த அறுபது ஆண்டுகால அனுபவத்தை நோக்கும்போது, பெயர் எதுவென்பதைப் போலவே அது தெரிவுசெய்யப்பட்ட முறையும் முக்கியமானது என்பது புலனாகும்.

முதலில், பெயர் என்பது நடைமுறைத் தேவை என்பதைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்க விண்வெளி வீரர் கஸ் கிறிஸம் 1961 ஆம் ஆண்டு பயணஞ்செய்த 'லிபர்ட்டி பெல் 7' என்னும் கலம், கடலில் இறங்கிய பின்னர் மூழ்கிப்போனது. 1965 ஆம் ஆண்டு ஜெமினி 3 கலத்தில் பயணஞ்செய்யும் வாய்ப்பைப் பெற்ற அவர், டைட்டானிக் கப்பல் விபத்தில் உயிர்தப்பிய 'மூழ்காத' மொலி பிரவுணின் பெயரை அதற்குச் சூட்டினார். இந்த நகைச்சுவையை நாசா அதிகாரிகள் இரசிக்கவில்லை. அதன் பின்னர் கலங்களுக்குத் தனிப்பெயர் சூட்டும் வழக்கமே சில ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்தது.

எனினும் 1969 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அப்பல்லோ 9 புறப்பட்டபோது புதியதொரு சிக்கல் எழுந்தது. தாய்க்கலமும் சந்திரனில் இறங்குவதற்கான கலமும் விண்வெளியில் பிரிந்து தனித்தனியே பறக்கவேண்டியிருந்தன. வானொலியில் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது எவ்வாறு? எனவே ஒன்றுக்கு இனிப்பு மிட்டாய் வகையொன்றின் பெயரான 'கம்ட்ரொப்' என்பதும், மற்றையதற்குச் சிலந்தி எனப் பொருள்படும் 'ஸ்பைடர்' என்பதும் வழங்கப்பட்டன. இரண்டுமே உருவ ஒற்றுமையால் வந்த பெயர்கள். அடுத்து வந்த அப்பல்லோ 10 இன் வீரர்கள் சித்திரக்கதைப் பாத்திரங்களான சார்லி பிரவுண், ஸ்னூப்பி ஆகிய பெயர்களைத் தெரிவுசெய்தனர். மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் காலடி வைக்கும் பயணத்துக்கு இத்தகைய பெயர் பொருந்தாது என்பதை அனைவரும் உணர்ந்திருந்தனர். 1969 ஆம் ஆண்டு ஜூலையில் சென்ற அப்பல்லோ 11 இன் கலங்கள் 'கொலம்பியா' எனவும், அமெரிக்காவின் சின்னமான கழுகைக் குறிக்கும் 'ஈகிள்' எனவும் அழைக்கப்பட்டன. சந்தர்ப்பத்தின் கனதியைப் பெயரும் தாங்கவேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் முதலாவது பாடமாகும்.

மீண்டும் மீண்டும் பறக்கக்கூடிய விண்ணோடங்கள் உருவானபோது பெயர் பற்றிய விவாதத்துக்குள் பொதுமக்களும் புகுந்தனர். பரிசோதனைக்கென முதலில் கட்டப்பட்ட விண்ணோடத்துக்கு, அமெரிக்க அரசியலமைப்பை நினைவுகூரும் வகையில் 'கொன்ஸ்டிடியூஷன்' என்ற பெயரே உத்தேசிக்கப்பட்டிருந்தது. 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்கள் பெருந்தொகையான கடிதங்களை வெள்ளை மாளிகைக்கு அனுப்பி, அத்தொடரில் வரும் கலத்தின் பெயரைச் சூட்டுமாறு கோரினர். ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் இணங்கினார். 1976 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆம் திகதி 'என்டர்பிரைஸ்' வெளிக்கொணரப்பட்டது. ஆனால் வளிமண்டலச் சோதனைகளுக்கு மட்டுமே பயன்பட்ட அந்த ஓடம் ஒருபோதும் விண்வெளிக்குச் செல்லவில்லை. கற்பனையில் நட்சத்திரங்களைக் கடந்த கலத்தின் பெயர், பூமியை விட்டு நீங்காத ஓடத்துக்கு வாய்த்தது.

அதன் பின்னர் வந்த ஓடங்களுக்கு நாசா ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தது. கடலில் புதிய வழிகளையும் புதிய அறிவையும் தேடிச் சென்ற கப்பல்களின் பெயர்களே அவற்றுக்குச் சூட்டப்பட்டன. கொலம்பியா, சலெஞ்சர், டிஸ்கவரி, அட்லாண்டிஸ் ஆகிய நான்கும் அவ்வாறு வந்தவையே. சலெஞ்சர் என்பது 1872 ஆம் ஆண்டு முதல் 1876 ஆம் ஆண்டு வரை உலகக் கடல்களை ஆராய்ந்து, நவீன சமுத்திரவியலுக்கு அடித்தளமிட்ட பிரித்தானியக் கப்பலின் பெயராகும்.

அந்தப் பெயரைத் தாங்கிய விண்ணோடம் 1986 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி, புறப்பட்டு 73 செக்கன்களில் சிதறியது. அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்கோலிஃப் என்ற ஆசிரியை. விண்வெளியிலிருந்து அவர் நடத்தவிருந்த பாடத்துக்காகக் காத்திருந்த பாடசாலை மாணவர்கள் பலர் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டனர். இழந்த ஓடத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கட்டுவதற்குத் தீர்மானிக்கப்பட்டபோது, அதற்குப் பெயரிடும் உரிமையை அமெரிக்க காங்கிரஸ் பாடசாலை மாணவர்களிடமே ஒப்படைத்தது.

இந்தப் போட்டியின் விதிகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. பெயர், ஆய்வுக்கோ புதிய இடங்களைக் கண்டறிவதற்கோ பயன்பட்ட கடற்கலம் ஒன்றினுடையதாக இருக்கவேண்டும். சலெஞ்சர் என்ற பெயர் மீண்டும் பயன்படுத்தப்படலாகாது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, அக்கப்பலின் வரலாற்றையும் அப்பெயர் ஏன் பொருத்தமானது என்பதையும் எழுதிச் சமர்ப்பிக்கவேண்டும். ஆகவே, மனதில் தோன்றிய சொல்லொன்றைத் தபாலட்டையில் எழுதி அனுப்பினால் மட்டும் போதாது. வரலாற்றைக் கற்கவும் காரணம் கூறவும் வேண்டியிருந்தது. 70,000 இற்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்குபற்றினர். 1989 ஆம் ஆண்டு மே மாதம் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் வெற்றிபெற்ற பெயரை அறிவித்தார். அதுவே 'என்டெவர்', விடாமுயற்சி என்பது அதன் பொருள்.

கப்டன் ஜேம்ஸ் குக்கின் என்டெவர் கப்பல் 1768 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டமைக்கு ஒரு வானியல் காரணம் இருந்தது. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் செல்வதை 1769 ஆம் ஆண்டு தஹிற்றித் தீவிலிருந்து அவதானிப்பதே அப்பயணத்தின் வெளிப்படையான நோக்கமாகும். வானை அறியக் கடல் கடந்த கப்பலின் பெயரை வானுக்குச் செல்லும் ஓடத்துக்கு மாணவர்கள் கண்டெடுத்தமை மிகப் பொருத்தமானதே. இருந்தபோதிலும், அதே கப்பல் 1770 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அடைந்தது என்பதையும், தம் நிலத்தை இழந்த கதையின் தொடக்கமாகவே அந்நாட்டின் ஆதிக்குடிகள் அதனைக் கருதுகின்றனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஒருவரின் பெருமை மற்றொருவரின் காயமாக இருக்கக்கூடும். பெயர் தேடுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1992 ஆம் ஆண்டு முதற்பயணத்தை மேற்கொண்ட என்டெவர், 2011 ஆம் ஆண்டு வரை 25 தடவைகள் விண்வெளிக்குச் சென்றது. பார்வைக் குறைபாட்டுடன் இருந்த ஹபிள் தொலைநோக்கியை 1993 ஆம் ஆண்டு திருத்தியமைத்த வீரர்களைச் சுமந்து சென்றதும் இவ்வோடமே. பெயருக்கு ஏற்ற பணி எனலாம்.

மாணவர்களிடம் கேட்கும் இந்த முறை செவ்வாய்க் கிரகத்தில் உலவும் ஊர்திகளுக்கும் பின்பற்றப்பட்டது. 1997 ஆம் ஆண்டு அங்கு இறங்கிய 'சோஜர்னர்' ஊர்திக்கு 12 வயதுச் சிறுமி ஒருத்தி அப்பெயரை முன்மொழிந்தாள். அடிமையாகப் பிறந்து, அடிமை முறைக்கு எதிராக ஊர்தோறும் சென்று குரல்கொடுத்த சோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்பினப் பெண்மணியின் நினைவாக வந்தது அது. தங்கிச் செல்லும் பயணி என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. 2003 ஆம் ஆண்டு, சைபீரியாவில் பிறந்து அநாதை இல்லத்தில் வாழ்ந்து பின்னர் அமெரிக்கக் குடும்பமொன்றினால் தத்தெடுக்கப்பட்ட 9 வயதுச் சிறுமியின் கட்டுரையிலிருந்து 'ஸ்பிரிட்', 'ஒப்பர்சுனிட்டி' ஆகிய பெயர்கள் கிடைத்தன. ஊக்கம், வாய்ப்பு என அவற்றைத் தமிழில் கூறலாம். 90 செவ்வாய் நாட்களுக்கென வடிவமைக்கப்பட்ட ஒப்பர்சுனிட்டி 2018 ஆம் ஆண்டு வரை இயங்கியது. அதற்கடுத்து ஆர்வத்தைக் குறிக்கும் 'கியூரியோசிட்டி' 2012 ஆம் ஆண்டும், தளரா உறுதியைக் குறிக்கும் 'பெர்சிவரன்ஸ்' 2021 ஆம் ஆண்டும் செவ்வாயில் தரையிறங்கின. இறுதியாகக் குறிப்பிட்ட ஊர்திக்கான போட்டிக்கு 28,000 கட்டுரைகள் வந்திருந்தன. இப்பெயர்கள் எந்த அரசனையும் எந்த ஆட்சியையும் புகழவில்லை, எவரையும் புண்படுத்தவுமில்லை. மனிதருக்குப் பொதுவான பண்புகளையே அவை சொல்கின்றன.

அப்படியாயின் வாக்கெடுப்பு நடத்திவிட்டால் போதுமா என்ற வினா எழலாம். 2009 ஆம் ஆண்டு சர்வதேச விண்வெளி நிலையத்தின் புதிய பகுதியொன்றுக்குப் பெயர் வைப்பதற்கு நாசா இணையம் வழியாக வாக்கெடுப்பு நடத்தியது. தொலைக்காட்சி நகைச்சுவையாளரான ஸ்டீவன் கொல்பெயர், தமது பெயரை எழுதுமாறு நேயர்களைத் தூண்டினார். 230,000 இற்கும் அதிகமான வாக்குகளுடன் அவரது பெயரே முதலிடம் பெற்றது! இறுதி முடிவுக்கான உரிமையைத் தன்னிடம் வைத்திருந்த நாசா, அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலை நினைவூட்டும் 'ட்ரங்குவிலிட்டி' என்ற பெயரைத் தெரிவுசெய்தது. நகைச்சுவையாளரின் பெயர் வீரர்களின் உடற்பயிற்சி இயந்திரம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. விதியற்ற வாக்கெடுப்பு விளையாட்டாகிவிடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மறுபுறம், எவரிடமும் கேட்காது ஒருவரே முடிவெடுப்பதும் சிக்கலையே தந்துள்ளது. 2002 ஆம் ஆண்டு அன்றைய நாசா தலைவர் ஷோன் ஓகீஃப், திட்டமிடப்பட்டிருந்த பெரும் விண்வெளித் தொலைநோக்கிக்கு நாசாவின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் வெப்பின் பெயரைச் சூட்டினார். வெப், சந்திரப் பயணத் திட்டத்தை முன்னெடுத்த திறமையான நிர்வாகி. ஆனால் விஞ்ஞானி அல்லர். அவர் அரசாங்கத்தில் உயர்பதவிகளை வகித்த காலத்தில், தன்பாலீர்ப்புடைய ஊழியர்கள் பதவிநீக்கப்பட்டமையைச் சுட்டிக்காட்டி, 2021 ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் பலர் பெயர்மாற்றம் கோரினர். வெப்புக்கு நேரடித் தொடர்பு இருந்ததற்குச் சான்று இல்லை எனக் கூறி நாசா மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, மனிதகுலத்தின் மிகச் சிறந்த கண்ணொன்று திறக்கும் வேளையில் அதன் பெயர் பற்றிய சர்ச்சையும் உடன் எழுந்தமை கவலைக்குரியதே.

அரசியல் தலைவர்களின் பெயர்களுக்கோ ஆயுள் இன்னும் குறைவு. பங்களாதேஷ் 2018 ஆம் ஆண்டு ஏவிய 'பங்கபந்து' செய்மதி, அங்கு ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின்னர் 2025 ஆம் ஆண்டு 'பங்களாதேஷ் செய்மதி' எனப் பெயர்மாற்றம் பெற்றது. இந்தியா 1975 ஆம் ஆண்டு தன் முதற் செய்மதிக்குப் பண்டைய கணித, வானியல் அறிஞர் ஆரியபட்டரின் பெயரைச் சூட்டியது. அது இன்றும் நிலைத்து நிற்கின்றது. 2003 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி கொலம்பியா விண்ணோட விபத்தில் கல்பனா சாவ்லா உயிரிழந்தபோது, முந்திய ஆண்டு ஏவப்பட்ட வானிலைச் செய்மதிக்கு இந்தியா 'கல்பனா 1' எனப் பெயரிட்டது. மனிதர் பெயரே கூடாது என்பதல்ல எமது வாதம். அந்த வாழ்வுக்கும் அந்தக் கலத்துக்கும் இடையே உண்மையான உறவு இருத்தல் வேண்டும் என்பதே ஆகும்.

இவ்விடத்தில் எமது நாட்டின் அனுபவமும் நினைவுக்கு வருகின்றது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் பயின்ற இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கிய சிறு செய்மதி, 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, ஜூன் மாதம் அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. உடன் சென்ற நேபாளத்தின் செய்மதி நாட்டின் பெயரைத் தாங்கியது. ஜப்பானின் செய்மதி 'உகுயிசு' என்ற பாடும் பறவையின் பெயரைத் தாங்கியது. எமது செய்மதியின் பெயர் 'ராவணா 1'. பறக்கும் வாகனத்தை உடையவனாக இதிகாசம் கூறும் இலங்கை வேந்தனின் பெயர் விண்ணுக்குப் பொருத்தமானதென்பதில் ஐயமில்லை. ஆயினும் இராவணனைச் சிங்கள மக்களில் ஒரு சாரார் தம் பண்டைய மன்னனாகப் போற்றுகின்றனர். தமிழர்களோ அவனைத் திருக்கோணேஸ்வரத்துடன் இணைந்த சிவபக்தனாக அறிவர். இராமாயணத்தைப் புனிதமாகக் கொள்வோருக்கு அவன் வேறொருவன். ஒரே பெயரை இத்தனை பேர் இத்தனை விதமாக உரிமை கொண்டாடும் நாட்டில், அது பிணைக்கும் கயிறாகவும் அமையலாம். இழுபறிக்கான கயிறாகவும் மாறலாம். எதுவாக மாறும் என்பது, பெயரிடும் வேளையில் அனைவரும் கேட்கப்பட்டனரா என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

அடுத்த கலத்துக்குப் பெயர் தேடும் எந்த நாடும் நான்கு விடயங்களைக் கருத்திற்கொள்ளுதல் நன்று. பெயர் சொல்வதற்கும் கேட்பதற்கும் இலகுவாக இருக்கவேண்டும். கலத்தின் பணியோடு அதற்கு உறவு இருக்கவேண்டும். ஆட்சி மாறினாலும் மாறாததாக அமைய வேண்டும். தெளிவான விதிகளுடன் பலரிடமும் கேட்டு, பொறுப்புள்ள சபையொன்று காரணம் கூறி முடிவெடுக்க வேண்டும்.

எமது நாட்டிலும் அத்தகைய வாய்ப்பு மீண்டும் வரும்போது, யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும் மட்டக்களப்பிலும் நுவரெலியாவிலும் உள்ள பாடசாலை மாணவர்களிடம் அவரவர் தாய்மொழியிலேயே அந்த வினாவைக் கேட்கலாம். அதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. தாம் சூட்டிய பெயரைத் தாங்கிய கலமொன்று தலைக்கு மேலே செல்கின்றது என்பதை அறிந்த பிள்ளை வானத்தை அண்ணாந்து பார்க்கவே செய்யும். எந்த விண்வெளித் திட்டமும் ஒரு நாட்டுக்குத் தரக்கூடிய முதற் பயன் அதுவேயாகும்.