வேலைக்கு வைத்தவரின் பொறுப்பு

யுத்தம் நடக்கும் இடத்தில் வியாபாரம் செய்பவர் முதல், இலாபம் மட்டும் பார்த்தால் போதாது. தான் வேலைக்கு வைத்தவர்களின் உயிருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பெரியமடு, மன்னார் வியாபாரிகளாகிய எமக்கு ஆபத்து எவ்வளவு சடுதியாக வரும் என்பது தெரியும். அப்போது முதலாளியின் கடமை என்ன என்பதைத்தான் நாம் பேசுவது குறைவு.

எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2006 ஓகஸ்டில் மூதூரில் புலிகளுக்கும் படையினருக்கும் சண்டை மூண்டபோது, பட்டினிக்கு எதிரான அமைப்பு எனும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 உள்ளூர் ஊழியர்கள் அங்கே அகப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அலுவலகத்திலேயே இருக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஓகஸ்ட் 4ஆம் திகதி அந்த வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரச படையினரே பொறுப்பு என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு கூறியது, அரசாங்கம் மறுத்தது. இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. கொலைக் குற்றம் சுட்டவர்களுடையது. ஆனால் ஊழியரை எப்போது வெளியே எடுப்பது என்ற தீர்மானம் நிறுவனத்தினுடையது.

அது தொண்டு நிறுவனம். இலாபத்துக்காக இயங்கிய கம்பனி ஒன்றையும் பாருங்கள். பிரான்சின் லஃபார்ஜ் சீமெந்துக் கம்பனிக்கு வட சிரியாவில் ஒரு தொழிற்சாலை இருந்தது. 2012இல் வெளிநாட்டு ஊழியரை வெளியே எடுத்துவிட்டு, சிரிய ஊழியரை வைத்து 2014 செப்டெம்பர் வரை வேலை நடத்தினார்கள். லொறிகளும் ஊழியரும் சோதனைச்சாவடிகளைத் தாண்டுவதற்கு ஐ.எஸ். ஆயுதக் குழுவுக்குப் பணம் போனது. 2022 ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 778 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது.

இவை பெரிய இடத்து விவகாரங்கள் என்று நாம் ஒதுங்க முடியாது. 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்ட வழிகாட்டிக் கோட்பாடுகள், சிறியதோ பெரியதோ எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தும். செய்ய வேண்டியதன் அளவுதான் வேறுபடும்.

என் அபிப்பிராயத்தில் ஒரு சாதாரண கடைக்காரருக்கு இதன் அர்த்தம் நான்கு விடயங்கள்:

1. நிலைமை மோசமானால் கடையைப் பூட்டும் அதிகாரம் அந்த இடத்தில் நிற்பவருக்கு இருக்க வேண்டும். தூரத்திலிருந்து தொலைபேசியில் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று சொல்லக் கூடாது.

2. பாதை பயம் என்று லொறிச் சாரதி மறுத்தால் அவருடைய சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

3. வெளியேற்றும்போது வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்று பேதம் பார்க்கக் கூடாது.

4. ஆயுதக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை வழிச்செலவு என்று எழுதிவிடக் கூடாது. அது யாரோ ஒருவரைச் சுடும் தோட்டாவாக மாறும்.

இந்த ஏற்பாடுகளைச் சமாதான காலத்திலேயே ஊழியருடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை மூண்ட பிறகு பேசுவதற்கு நேரம் கிடைக்காது.