ரோபோவா, 'மெக்கா'வா? வித்தியாசம் ஓட்டுறவன் கையில்!

ஆறு மாடி உயர இரும்பு உருவம். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து லீவரை இழுக்க, அது நடக்கிறது, குத்துகிறது. ஜப்பான் அனிமேக்களில் பார்த்திருப்பீர்கள். 'பசிபிக் ரிம்' (2013) படத்திலும் ஆள் ஓட்டும் ராட்சத ரோபோக்கள்தான். இந்த வகைக்குப் பெயர் 'மெக்கா'. (தமிழில் எழுதினால் புனித நகரத்தின் பெயராகிறது, 'க்'கை எடுத்தால் மெகா சீரியல் ஞாபகம் வருகிறது. மேற்கோள் குறிக்குள்ளேயே இருக்கட்டும்.)

'மெக்கானிக்கல்' என்பதை ஜப்பானியர்கள் சுருக்கிய சொல் இது. அங்கே கார், துப்பாக்கி, கம்ப்யூட்டர் எல்லாமே 'மெக்கா'தான். வெளிநாட்டு ரசிகர்களிடம் வந்த பிறகு, ஆள் ஓட்டும் ராட்சத ரோபோ என்று அர்த்தம் குறுகிவிட்டது. கதைகளுக்குள் அதற்கு 'மொபைல் சூட்', 'யேகர்' என்று தனித்தனிப் பெயர்கள்.

சரி, சாதாரண ரோபோவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 1952-ல் ஒசாமு தெசுகா வரைந்த ஆஸ்ட்ரோ பாய் தானே யோசிக்கும். 1956-ல் மிட்சுதெரு யோகோயாமா உருவாக்கிய 'டெட்சுஜின் 28' அப்படியில்லை. போருக்காகச் செய்யப்பட்ட அதை ஒரு சிறுவன் ரிமோட்டில் இயக்குவான். ரிமோட் வில்லனிடம் சிக்கினால் போச்சு, அதே ரோபோ ஊரையே இடிக்கும்!

1972-ல் கோ நாகாயின் 'மஜிங்கர் இசட்' வந்தது. டிராபிக்கில் மாட்டியபோது, நம்ம காருக்குக் கை கால் முளைத்து முன்னால் நிற்கும் வண்டிகளைத் தாண்டிப்போனால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாம் அவருக்கு. ஹீரோ சின்னப் பறக்கும் வண்டியில் வந்து ரோபோவின் தலையில் பொருந்திக்கொள்வான். இனி ரோபோவுக்கு அடி விழுந்தால், உள்ளே இருப்பவன் உயிருக்கும் ஆபத்து.

இதை நிஜமான போராக யோசித்தது 1979-ல் வந்த யோஷியுகி டொமினோவின் 'மொபைல் சூட் கண்டம்'. இங்கே ரோபோக்கள் ராணுவத்தின் ஆயுதங்கள். எதிரி ரோபோவுக்குள் இருப்பதும் மனிதன்தான். அவனைக் கொல்ல வேண்டியவன் 15 வயது ஆமுரோ. ஒரு கட்டத்தில், "ஏற மாட்டேன்" என்று மறுத்தே விடுகிறான். டிவியில் அப்போது எடுபடவில்லை. 52 எபிசோடு திட்டம் 43-லேயே முடிந்தது. பிறகு பண்டாய் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பொம்மைகளும் மறு ஒளிபரப்பும்தான் தூக்கிவிட்டன.

1995-ல் வந்த 'எவாஞ்செலியன்' தொடரில், 14 வயது ஷிஞ்சி முதல் எபிசோடிலேயே ஏற மறுக்கிறான். அவனை ஏறச் சொல்பவர் பெற்ற அப்பா.