பிரான் நியூ டே (இசை நாடகம்)

பிரான் நியூ டே என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரைச் சேர்ந்த ஜிம்மி சை, கக்கிள்ஸ் இசைக்குழுவினருடன் சேர்ந்து உருவாக்கிய இசை நாடகம். 1990இல் பெர்த் விழாவில் அரங்கேறியது. ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் முதல் இசை நாடகமாகக் கருதப்படுகிறது. 'புத்தம் புதிய நாள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைப் புரூம் மக்கள் உச்சரிக்கும் விதத்திலேயே தலைப்பாக்கியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை என்று யாரும் எண்ண வேண்டாம்.

புரூமும் ஜிம்மி சையும்

இந்த நாடகத்தைப் புரிந்துகொள்ள முதலில் புரூமை அறிய வேண்டும். பெர்த்திலிருந்து வடக்கே சுமார் 2,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள முத்துக்குளிப்புத் துறைமுகம் அது. 1901க்குப் பின் வெள்ளையர் அல்லாதோரின் குடியேற்றத்தை ஆஸ்திரேலியா தடுத்தபோதும், முத்துச்சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அதனால் ஜப்பானியர், சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோக்கள் ஆகியோர் தொல்குடி மக்களுடன் கலந்து வாழ்ந்த ஊராக அது வளர்ந்தது. 1948இல் பிறந்த ஜிம்மி சையின் குடும்பமே இதற்குச் சான்று. தந்தை சீன, ஜப்பானிய வழியினர்; தாய் ஸ்காட்டிஷ், பார்டி தொல்குடி வழியினர்.

உருவான விதம்

பொதுவாக இசை நாடகங்களில் கதை முதலில் முடிவாகும்; பாடல்கள் அதற்கேற்ப எழுதப்படும். இங்கு பாடல்களே முதலில் வந்தன. ஜிம்மி சையும் கக்கிள்ஸ் குழுவினரும் பல ஆண்டுகளாகப் பாடிவந்தவற்றைக் கோத்து ஒரு கதை பின்னப்பட்டது. கன்ட்ரி, ரெகே, தேவாலயப் பாட்டு, ராக், கலிப்சோ என்று இசை தாவிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம். அந்த ஊரில் இவை எல்லாமே ஒலித்தன. தொல்குடி நாடகாசிரியர் ஜாக் டேவிசின் நாடகங்களை இயக்கிய ஆண்ட்ரூ ராஸ் இதை இயக்கினார்.

கதை

1960களில் பெர்த்திலுள்ள கத்தோலிக்க விடுதியில் படிக்கும் சிறுவன் வில்லி, தின்பண்டம் திருடியதற்காகப் பாதிரியார் பெனடிக்டஸால் வெளியேற்றப்படுகிறான். நாடோடியாகத் திரியும் டாட்போல் மாமாவும், ஸ்லிப்பரி என்ற ஜெர்மானிய இளைஞனும், அவனுடைய தோழி ஆனியும் அவனுடன் வேனில் புரூமை நோக்கிப் புறப்படுகிறார்கள். ஊர் சேரும்போது யார் யாருக்கு உறவு என்ற முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. ஸ்லிப்பரி பாதிரியாருக்கும் வில்லியின் தாய்க்கும் பிறந்தவன் என்று தெரியவருகிறது.

இந்தத் தற்செயல்களைக் கேலிக்கூத்து என்று ஒதுக்குவது எளிது. ஆனால் தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்த ஒரு நாட்டில், தன் தாய் யார், அண்ணன் யார் என்று தெரியாமல் இருப்பது பலரின் நிஜ வாழ்க்கை. ஆனியும் தன் வேர் தொல்குடியினரிடம் இருப்பதைச் சொல்கிறாள். இந்தப் பிரிப்பைப் பற்றிய தேசிய விசாரணை அறிக்கை வெளியானது 1997இல்தான். மேடையில் இது ஏழு ஆண்டுகள் முன்பே பாட்டும் சிரிப்புமாகப் பேசப்பட்டுவிட்டது.

நாடகத்தின் மிகப் பிரபலமான பாடல், தொல்குடியினராக இருப்பதைக் கொண்டாடும் துள்ளலான மெட்டு. கூடவே சேர்ந்து பாடத் தோன்றும். சற்றுக் கவனித்தால், பறிக்கப்பட்ட நிலத்தைப் பற்றிய கிண்டல் அதில் இருப்பது புரியும். இவ்வளவு இனிமையாகச் சொன்னால் வெள்ளைப் பார்வையாளர்கள் குற்றவுணர்வின்றி ரசித்துவிட்டுப் போய்விடுவார்களே என்ற ஐயம் எழலாம். அது நியாயமான கேள்விதான். ஆயினும், கோபமாக மட்டுமே பேசியிருந்தால் இத்தனை ஊர்களில் இத்தனை பேர் கேட்டிருப்பார்களா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர்

பெர்த்தில் பெற்ற வெற்றிக்குப் பின் நாடகம் பிற நகரங்களுக்கும் சென்றது. 1991இல் பெர்த்தில் பிளாக் ஸ்வான் நாடகக் குழு தொடங்கப்பட்டபோது ஆண்ட்ரூ ராஸ் அதன் முதல் கலை இயக்குநரானார். புரூமில் இயங்கும் தொல்குடிப் பதிப்பகமான மகபாலா புக்ஸ், கரன்சி பிரஸ்ஸுடன் இணைந்து நாடகப் பிரதியை நூலாக்கியது. ரேச்சல் பெர்கின்ஸ் இயக்கிய திரைப்படம் 2009இல் வந்தது. டாட்போல் மாமாவாக எர்னி டிங்கோவும் பாதிரியாராக ஜெஃப்ரி ரஷ்ஷும் நடித்தனர்.

ஜிம்மி சையின் அடுத்த இசை நாடகமான காரகேஷன் ரோடு (1996) மனநோயைப் பற்றியது. அந்த நோயின் துன்பத்தை அவரும் அனுபவித்தவர். அவர் 2017இல் காலமானார். 2020இல் பிரான் நியூ டே மீண்டும் மேடையேறியது.